பின்னால் நீண்ட மரம்

2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூன்று வாரம் நான் இங்கிலாந்தில் நாரிச் நகரத்தில் தங்கியிருந்தேன். என் மனைவியின் தங்கை மகன் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கிறான். சிறு பிராயத்தில் மன்னார்குடித் தெப்பக்குளத்தில் இரண்டாம் படிக்குக் கீழே இறங்க மறுத்து அழுத பிள்ளை அவன். அந்தப் பிள்ளை இப்போது சொந்தமாக ஒரு பாய்ப்படகு வைத்திருந்தான் என்றால் காலம் மனிதர்களை எப்படியெல்லாம் விளையாட்டுக் காட்டுகிறது பாருங்கள்!

படகு பழசு. 'வேஃபேரர்' என்று அந்த ஜாதிப் படகுக்குப் பெயர். வழிப்போக்கன் என்று தமிழில் சொல்லலாம். இயன் ப்ராக்டர் என்பவர் 1957-இல் வடிவமைத்தது. பதினாறு அடிக்குச் சற்றுக் குறைந்த நீளம், சுமார் 170 கிலோ எடை. இந்தச் சின்னப் படகில்தான் நார்ஃபோக்கைச் சேர்ந்த ஃபிராங்க் டை என்ற மனிதர், மோட்டாரும் இல்லாமல், 1963-இல் ஐஸ்லாந்துக்கும், மறு வருஷம் நார்வேக்கும் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது பயணத்தில் புயல் படகைக் கவிழ்த்துப் பாய்மரத்தையும் முறித்துவிட்டது. ஆனாலும் ஆள் கரை சேர்ந்தார். இந்தக் கதைகளை என் பிள்ளை எனக்கு மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை அவன் முகத்தைப் பார்த்தபோது, தானும் ஒருநாள் ஐஸ்லாந்துக்குப் புறப்படும் உத்தேசம் அவனுக்கு இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவன் தாயாருக்கு நான் அதை எழுதவில்லை.

நாங்கள் போக நினைத்தது ஐஸ்லாந்துக்கு அல்ல. முப்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஹிக்லிங் ஏரிக்கு. அந்த வட்டாரம் முழுவதும் இப்படிப்பட்ட ஏரிகளும் அவற்றை இணைக்கும் சோம்பேறி நதிகளுமாகக் கிடக்கிறது. 'பிராட்ஸ்' என்பார்கள். இயற்கை வெட்டிய ஏரிகள் என்றுதான் வெகுகாலம் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவர சாஸ்திர அம்மையார் 1950-களில் சேற்றைத் துளை போட்டுப் பார்த்து, அவை இடைக்காலத்து மனிதர்கள் விறகுக்குப் பதிலாக எரிக்கக் கரிமண் வெட்டியெடுத்த பள்ளங்கள் என்று கண்டுபிடித்தார். பிற்பாடு நீர்மட்டம் உயர்ந்து பள்ளங்கள் நிரம்பிவிட்டன. குளிருக்கு மண் வெட்டியவன், தன் பின்னால் ஏரியை விட்டுச் செல்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டான்.

அந்த நதிகளின் குறுக்கே பழைய பாலங்கள் இருக்கின்றன. பாட்டர் ஹைகம் என்ற ஊரில் ஒரு பாலம், இடைக்காலத்தது. அதன் வளைவின் கீழே ஆள் நின்றுகொண்டு போக முடியாது. ஆகையால் பாலம் வந்ததும் பாய்மரத்தைச் சாய்த்துப் படுக்க வைத்து, கடந்தபின் நிமிர்த்திக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் 'வெர்ரி' என்ற சரக்குப் படகுகளில் பாய்மரத்தின் அடியில் பெரிய ஈயக் கட்டியை வைத்திருந்தார்களாம். தராசு போல, ஓர் ஆளே அத்தனை பெரிய மரத்தை இறக்கி ஏற்றலாம். பாலத்துக்கு முன்னால் தலை வணங்கும் அந்த மரத்தைப் பற்றி உபந்நியாசம் செய்ய எந்தப் பிரசங்கிக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. அன்று மத்தியானம் நடந்தது அந்த ஆசையைப் போக்கிவிட்டது.

தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும்போது பாய்மரம் யாருக்கும் இடைஞ்சல் செய்வதில்லை. கரையில் நிமிர்ந்து நின்றாலோ அதைவிட அபாயமானது வேறில்லை. அலுமினிய மரம் மேலே போகும் மின்சாரக் கம்பியில் பட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகவே சாலையில் போக வேண்டுமானால் மரத்தைக் கழற்றிப் படுக்க வைத்தே ஆக வேண்டும். படுத்த மாத்திரத்தில் அதன் உயரம் முழுவதும் நீளமாகிவிடுகிறது. பதினாறடிப் படகின் மேல் இருபத்திரண்டடி மரம். மிச்சம் ஆறடி எங்கே போவது?

சாதாரணமாக அது முன்னால் போகும். இரண்டு சக்கர டிரெய்லரின் மேல் படகு உட்கார்ந்திருக்கும். டிரெய்லரின் ஏர்க்கால் போன்ற முன்கம்பி காரின் பின்னாலுள்ள இரும்புக் குமிழில் மாட்டியிருக்கும். படகின் முன்னும் பின்னும் இரண்டு கவைக்கால்கள், அவற்றின்மேல் மரம். தணிந்த கார் என்றால், மிச்சமுள்ள மரம் அதன் பின்பக்கத்துக்கு மேலாக நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவன் திரும்பிப் பார்த்தால் தெரியும். இடித்தால் அவன் காரைத்தான் இடிக்கும்.

ஆனால் என் பிள்ளை வைத்திருந்தது கார் அல்ல, வேன். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். கட்டில் போட்டிருந்தான், அடுப்பு வைத்திருந்தான். பின்பக்கம் நெடுஞ்சுவர் போல இரண்டு கதவுகள், கண்ணாடி கிடையாது. முன்னால் நீட்டிய மரம் அந்தக் கதவில் முட்டியது. நேராகப் போகும்போது ஒரு சாண் இடைவெளி விட்டாலும், வளைவில் டிரெய்லர் திரும்புகிற திரும்பலில் மரத்தின் நுனி வேனின் மூலையைக் குத்திவிடும். முன் கவைக்காலை வேனின் கூரைக்கு மேலே உயர்த்தலாம் என்றால், மரம் சறுக்கு மரம் போலச் சாய்ந்துவிடும். கூரைமேல் ஏற்றிக் கட்டுவதற்கு ஏணி வேண்டும், இன்னும் இரண்டு ஆள் வேண்டும்.

"பின்னால் தள்ளிவிடலாம், பெரியப்பா" என்றான் அவன்.

தள்ளினோம். நானும் ஒரு கை கொடுத்தேன் என்பதை இங்கே குறித்துவிட வேண்டும். கதவுக்கு எட்டாமல் ஓரடியை மட்டும் முன்னால் விட்டுவிட்டு, மற்ற ஐந்தடியையும் படகுக்குப் பின்னால் நீட்டினோம். மரத்தைப் பின்னால் தள்ளியதால் பின்பக்கம் கனத்து, டிரெய்லர் பாம்பு போல நெளியக்கூடாதே என்று நங்கூரத்தையும் கயிற்றுச் சுருளையும் படகின் முன்பக்கத்தில் வைத்துச் சமன் செய்தான். அந்த நாட்டுச் சட்டப்படி, பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் நீண்டால் அது பிறர் கண்ணில் நன்றாகப் படும்படி செய்ய வேண்டும். இரண்டு மீட்டரைத் தாண்டினால் கோடு போட்ட பலகையே கட்ட வேண்டும். எங்களுடையது ஒன்றரை மீட்டர். என் பெட்டியிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்து நானே நுனியில் கட்டினேன். கும்பகோணத்தில் வாங்கிய துண்டு, நல்ல கெட்டிச் சாயம். சட்டமும் திருப்தியடைந்தது, நாங்களும் திருப்தியடைந்தோம்.

நம் ஊரில் லாரிக்குப் பின்னால் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு போக, நுனியில் சிவப்புக் கந்தல் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கம்பிகளில் மோதிச் செத்தவர்கள் கொஞ்சமல்ல. 2014-இல் மோட்டார் வாகன விதியைத் திருத்தி அப்படி நீட்டிக்கொண்டு போவதையே தடை செய்தார்கள். அந்தச் சிவப்புக் கந்தலைக் காணும்போதெல்லாம் நான் லாரிக்காரனை மனத்துக்குள் திட்டியிருக்கிறேன். நாரிச்சில் துண்டைக் கட்டும்போது அவன் எனக்கு நினைவு வரவில்லை.

புறப்பட்டோம். உயர்ந்த ஆசனத்தில் உட்கார்ந்து வேலிகளுக்கு மேலாக வயல்களைப் பார்த்துக்கொண்டு போவது ராஜ யோகமாக இருந்தது. ரிகார்டில் மதுரை சோமு பாடிக்கொண்டிருந்தார். ராக்ஸம் பாலத்தைத் தாண்டினோம். ஸ்டாலம் வழியாகப் போனோம். பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன், படகு தெரியவில்லை. படகைவிட வேன் அகலம். இரண்டு கண்ணாடியிலும் வேலிச் செடிதான் ஓடிற்று. "படகு இருக்கிறதா, இல்லை வழியில் இறங்கிக்கொண்டுவிட்டதா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

ஏரிக்கரை வந்து இறங்கியதும் அவன்தான் முதலில் கண்டான். நுனியில் துண்டு இல்லை. முடிச்சு அவிழ்ந்து பறந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் மரத்தின் நுனியில், ஒரு பக்கத்தில், விரல் நீளத்துக்கு நீலச் சாயம் தேய்ந்திருந்தது. எங்கள் படகில் நீலம் கிடையாது.

வலப்புறம் திரும்பும் வண்டியின் டிரெய்லரில் பின்னால் நீண்ட மரம் இடப்புறமாக வீசும். சக்கரம் எவ்வளவு மெதுவாகத் திரும்பினாலும், அதற்கு வெகு பின்னாலுள்ள நுனி வேகமாகத்தான் போகும். சாலையின் இடப்பக்கமாகப் போகும் அந்த நாட்டில், அது நடைபாதையின்மேல் வீசும் என்று அர்த்தம். ஓட்டுகிறவன் அப்போது வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

"ஏதாவது கம்பமாயிருக்கும்" என்றேன் நான்.

"கம்பத்துக்கு நீலச் சாயம் அடிப்பார்களா?"

"குப்பைத் தொட்டியாயிருக்கும். யார்மேலாவது பட்டிருந்தால் சத்தம் போட்டிருக்க மாட்டார்களா?"

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். "அடிபட்டவர்கள் எல்லாரும் சத்தம் போடுவதில்லை, பெரியப்பா. நான் தினம் பார்க்கிறேன்" என்றான்.

படகைக் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டு வேனில் திரும்பினோம். வந்த வழியில் வலத் திருப்பம் ஒவ்வொன்றிலும் நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். எனக்கு உள்ளூர எரிச்சல். மூன்று வார விடுமுறையில் ஒரு நாள்; அன்று வெயிலும் அடித்தது, காற்றும் இருந்தது. ஒன்றும் நடந்திருக்காது என்பதற்கு என் புத்தி ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்களைத் தந்துகொண்டே வந்தது. இந்த வேலையில் மனித புத்திக்கு இருக்கும் சாமர்த்தியம் வேறெதிலும் இல்லை.

நான்காவது திருப்பத்தில், ஒரு சிறு கிராமத்தில், துண்டு கிடைத்தது. கிடைத்தது என்றா சொன்னேன்? நடைபாதை ஓரத்தில் ஒரு வீட்டின் தாழ்ந்த மதில்மேல் அது நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. காற்றில் பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல்லும் மேலே இருந்தது.

யாரோ அதைக் கீழேயிருந்து எடுத்திருக்கிறார்கள், மடித்திருக்கிறார்கள், கல் தேடியிருக்கிறார்கள். அது சும்மா அந்த வழியே போனவரா, எங்கள் மரம் யார்மேல் பட்டதோ அவரேயா? சைக்கிளில் வந்த சிறுவனா? நீலச் சாயம் அடித்த ஏதோ ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தவரா? இரண்டு வீடுகளில் கதவைத் தட்டினோம். ஒன்றில் பதில் இல்லை. மற்றதில் ஒரு கிழவர், தாம் தோட்டத்தில் இருந்ததாகவும் ஒன்றும் தெரியாதென்றும் சொல்லி, என்ன நடந்தது என்று எங்களையே கேட்டார். அதைத்தான் நாங்களும் அறிய விரும்பினோம். பிள்ளை ஒரு காகிதத்தில் நடந்ததை எழுதி, தன் பெயரும் டெலிபோன் எண்ணும் குறித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தத் தெருவிளக்குக் கம்பத்தில் கட்டினான். பிறகு போலீசுக்கும் போன் செய்தான். விபத்தை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் விபத்து என்று ஒன்று நடந்ததா என்பதே தெரியாதபோது சட்டம் என்ன சொல்கிறதோ! அந்தப் பக்கத்தில் பேசிய பெண்மணிக்கே அவன் சொல்வதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று புரியவில்லை போலிருந்தது.

அன்று நாங்கள் பாய் விரிக்கவில்லை.

இதில் எங்கள் குற்றம் எவ்வளவு? இராத்திரி வெகு நேரம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கேம்பிரிட்ஜில் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் இருந்தார். 1976-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் ஒரு லாரி டிரைவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். தன்மேல் தவறு ஏதும் இல்லாமலே ஒரு குழந்தையின்மேல் வண்டியை ஏற்றிவிட்டவன் அவன். வேடிக்கை பார்த்தவனும் வருந்துகிறான், டிரைவரும் வருந்துகிறான். ஆனால் இரண்டும் ஒரே வருத்தமல்ல என்கிறார். அவனைச் சுற்றியிருப்பவர்கள், 'உன் தப்பு இல்லையப்பா' என்று தேற்றுவார்கள், தேற்றவும் வேண்டும். ஆனால் அவன் அந்தத் தேறுதலைச் சட்டென்று ஒப்புக்கொண்டு எழுந்து போய்விட்டால் நமக்கு அவன்மேல் ஏதோ சந்தேகம் வருகிறது அல்லவா?

இதைப் படித்தபோது, நமக்குத் தெரிந்த கதைதானே என்று எனக்குத் தோன்றியது. திருவாரூரில் கல்தேருக்கு முன்னால் நின்று, மனுநீதிச் சோழனின் பெருமையை என் பாட்டனார் எனக்குச் சொன்னபோது என் மனம் மன்னனிடம் போகவில்லை. தேரில் போன பிள்ளையிடம்தான் போயிற்று. கன்று தானாகத்தான் துள்ளிச் சக்கரத்தில் புகுந்தது; வீதிவிடங்கன் பார்க்கவில்லை. மணி ஒலித்ததும், மந்திரிகள் பரிகாரம் சொன்னதும், மன்னன் மறுத்ததும் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒன்று சேக்கிழார் சொல்கிறார். தந்தையின் காதுக்கு எட்டும் முன்பே, யாரும் கேட்காமலே, அந்தப் பிள்ளை மனம் பதறி, இதற்குக் கழுவாய் உண்டா என்று அந்தணர்களைத் தேடிப் போகிறான். தேரை விட்டு அவன் இறங்கிவிட்டான்.

ஆனால் எங்கள் வழக்கு அவனுடையதையும்விட மோசம். கன்று தேருக்கு முன்னால் வந்தது. எங்களுக்கு முன்னால் யாரும் வரவில்லை. சௌகரியத்துக்காக உயரமான வண்டி. அந்த வண்டியின் கதவு நசுங்காமலிருக்க மரத்தைப் பின்னால் தள்ளினோம். அந்த உயரமே பின்னால் இருப்பதை மறைத்தும்விட்டது. எங்களுக்கு வர வேண்டிய இடியை, முகம் தெரியாதவர்கள் நடக்கும் பக்கமாக நீட்டிவிட்டு, அதன்மேல் ஒரு துண்டையும் கட்டினோம். 'பார்க்கவில்லை' என்பது உண்மைதான். பார்க்க முடியாதபடி ஏற்பாடு செய்தவர்களும் நாங்கள்தாமே!

"அப்படியானால் எதையும் எங்கேயும் கொண்டுபோகவே கூடாதா?" என்று பிள்ளை கேட்டான். நியாயமான கேள்வி. 'மிரர்' என்றொரு சிறுபடகு 1963-இல் வந்தது. அதன் பாய்மரத்தை இரண்டு துண்டாகக் கழற்றிப் படகின் நீளத்துக்குள்ளேயே அடக்கிவிடலாமாம். ஆனால் எல்லாப் படகும் மிரர் ஆகிவிட முடியாது. அதில் ஏறி ஐஸ்லாந்துக்குப் போகலாமா என்று அவன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போது நான் அவனிடம் சொல்லாத ஒன்று உண்டு. இங்கே சொல்கிறேன்.

1987-இல் ஒரு தீபாவளி மலரில் நான் ஒரு கதை எழுதினேன். அதில் ஒரு கருமித் தகப்பனார் வருவார். காப்பிப் பொடியை ஸ்பூனால் எடுத்து, மேலே குவிந்திருப்பதை ஆள்காட்டி விரலால் வழித்து டப்பாவிலேயே திரும்பப் போடுவார். கதை நன்றாக அமைந்தது. அந்த விரலைப் பற்றி எனக்கு வந்த கடிதங்கள் மட்டும் ஒரு கட்டு இருக்கும். அந்த விரல் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையது. நாலு பெண்களைப் பெற்ற ரெவின்யூ குமாஸ்தா. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், உத்தியோகத்தை மாற்றினேன். எழுத்தாளன் கட்டுகிற சிவப்புத் துண்டு அவ்வளவுதான். அடுத்த வருஷமே நாங்கள் சென்னைக்குக் குடிபோய்விட்டோம்.

2011-இல் ஒரு கல்யாணப் பந்தியில் அவருடைய மூன்றாவது பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைக் கண்டதில் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். என் புத்தகங்களையெல்லாம் படித்திருந்தாள். இலையில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகச் சொன்னாள்: "அந்தக் கதை வந்த பிறகு அப்பா காப்பி குடிப்பதையே விட்டுவிட்டார், மாமா. கடைசி மட்டும் குடிக்கவில்லை."

அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதவில்லை. என் தகப்பனாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டைக் காலி செய்த அன்று சாமான் ஏற்றக்கூட வந்து கை கொடுத்தார். கட்டில் கால் ஒன்று தெருவில் கிடந்ததை ஓடிவந்து எடுத்துக் கொடுத்தார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதும் அவர் படித்துத்தான் இருந்தார்.

அந்தக் கதையை நான் எழுதாமல் இருந்திருப்பேனா என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். எழுதியிருப்பேன். விரலை மட்டும் விட்டிருப்பேனா? கதையில் உயிருள்ள இடம் அந்த விரல்தான். விட்டிருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் தயங்குவேன். நாலு பெண்களுக்கும் தலா ஒரு டம்ளர் கிடைக்க வேண்டும் என்றுதான் அந்தப் பொடியை அவர் வழித்தார் என்பது அப்போதே எனக்குத் தெரியும். கதையில் அதற்கு இடம் வைக்கவில்லை. இடம் வைத்திருந்தால் சிரிப்பு வந்திராது.

ஐந்து நாள் கழித்துப் படகை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வேறு வண்டி கிடைக்கவில்லை. கூரைமேல் ஏற்ற ஆளும் கிடைக்கவில்லை. மரம் பின்னால்தான் நீண்டிருந்தது. நுனியில் சைக்கிள் விளக்கு ஒன்றும் பழைய துண்டும் கட்டினோம். திருப்பங்களுக்கு முன்னால் அவன் வேனை நிறுத்துவான்; நான் இறங்கிப் பின்னால் போய் நடைபாதையில் நின்றுகொண்டு, யாரும் வரவில்லை என்றால் கையை உயர்த்துவேன்; அவன் அங்குலம் அங்குலமாகத் திருப்புவான். பின்னால் வந்த கார்கள் வரிசையாக நின்றன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அந்தத் தேசத்து மரியாதை அப்படி. ஆனால் அவர்கள் முகங்களை நான் பார்க்காமலிருக்க முயன்றேன்.

அந்தக் கிராமத்துத் திருப்பம் வந்தது. எதிர்த்திசையில் போனதால் இப்போது அது இடத் திருப்பம். மரம் நடைபாதைப் பக்கம் வராது, சாலையின் நடுப்பக்கம்தான் வீசும். ஆனாலும் இறங்கி நின்றேன். கம்பத்தில் பிள்ளையின் கடிதம் அப்படியே இருந்தது. உறைக்குள் சிறிது தண்ணீர் புகுந்து மை கலைந்திருந்தது. டெலிபோன் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் தெரியவில்லை. கையைக் காட்டினேன். வேன் மெதுவாக நகர்ந்தது. மரத்தின் நுனி என் மார்பு உயரத்தில், ஓசையே இல்லாமல், காற்றைத் துழாவிக்கொண்டு கடந்து போயிற்று.

வேன் நின்றது. ஆனால் நான் ஏறவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு கம்பத்தருகே போனேன்.